அக்கரையில் அண்ணி, நடுவில் ஒரு பாலம்

1

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், எங்கள் ஊர்ப் பாலத்தை ஆய்வு செய்ய வந்த பொறியாளர் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு இடமும் வலமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மலாய்க்காரப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முந்தின மாதம் வந்தபோது, பழுதான ஆணிகளுக்குப் பக்கத்தில் மட்டும் அடையாளத்துக்காகச் சிவப்புச் சாயத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது வந்து பார்த்தால் பாலம் முழுக்கச் சிவப்புப் புள்ளி. ஒரு தகடு, ஓர் ஆணி பாக்கியில்லை.

அதைச் செய்தது நாங்கள்தான்.

மன்னார்குடிப் பக்கம் ஆயுத பூஜைக்கு அரிவாள்மனைக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைப்போம் இல்லையா? இங்கே மலேசியாவிலும் அதேதான். பள்ளி வேன், தையல் மெஷின், எண்ணெய் எடுக்கிற செம்பனையின் குலையை வெட்டும் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பாலத்துக்கும் பொட்டு வைப்பார்கள். தினமும் நம்மைச் சுமக்கிறதே, அதை மட்டும் விடலாமா என்பது என் கணவரின் அக்கா, அதாவது பாக்கியம் அண்ணியின் கட்சி. இந்த வருடம் பொட்டு வைக்கப் போனால் அங்கங்கே ஏற்கெனவே சிவப்புப் புள்ளி இருந்தது.

"யாரோ பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க பாரு வசந்தா" என்றார் அண்ணி. "நல்ல யோசனைதான் லா. பெயிண்ட்ல வெச்சா மழைக்கு அழியாது. மிச்சத்த நாம முடிச்சிருவோம்."

கோயில் மதிலுக்குப் பட்டை அடித்த சிவப்புச் சாயம் மிச்சம் இருந்தது. டின்னைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அரைநாள் வேலை. முடித்துவிட்டுப் பார்த்தபோது எங்களுக்கே பெருமையாக இருந்தது.

பொறியாளருக்கு விஷயத்தை அண்ணியே மலாயில் விளக்கினார். அந்தப் பெண் முதலில் தலையில் கை வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆய்வை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை பார்த்ததில், முதலில் கண்ணில் படாத சில பழுதுகளும் தெரிந்தனவாம். அதைக் கேட்டதிலிருந்து அண்ணியைப் பிடிக்க முடியவில்லை. தான் வைத்த பொட்டில் பாதி சரியாகத்தான் இருந்தது என்று பசாரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

2

மலேசியா என்றால் உங்களுக்கு இரட்டைக் கோபுரம் ஞாபகம் வரும். நான் இருப்பது அங்கே இல்லை. கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் செம்பனை நிற்கும் சாலையில் வந்தால் ஒரு கடைத்தெரு, ஒரு ஆறு, ஆற்றின் மேல் ஒரு இரும்புப் பாலம். ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நம் ஊர் வாய்க்காலைவிட அகலம், அவ்வளவுதான். தண்ணீர் எப்போதும் டீ நிறத்தில் இருக்கும். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இருந்த லயங்களை இடித்து வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் இன்னும் 'தோட்டம்'தான்.

கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் அண்ணி வீட்டில்தான் இருந்தோம். முதல் வாரமே சண்டை. கடலோர ஜெராமிலிருந்து வந்த நண்டை நான் நம் ஊர்ப் பக்குவத்தில் வறுத்தேன், அண்ணி அதில் தேங்காய்ப்பாலை ஊற்றினார். நான் அழுதேன். அவர் "எதுக்கு லா அழுவுற, நண்டு உன் சொந்தக்காரனா?" என்று கேட்டார். இன்றுவரை எங்கள் பேச்சு அந்தத் தரத்தில்தான் நடக்கிறது.

மொழி வேறு படுத்தியது. தெரு முனையில் 'ஜாலான் மாத்தி' என்று பலகை இருந்தது. ஜாலான் என்றால் சாலை, மாத்தி என்றால் சாவு என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். அங்கே ஏதோ விபத்து நடந்திருக்கிறது என்று நினைத்து, மாதக் கணக்கில் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். அது வெறும் முட்டுச்சந்து என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு என் கணவர் குணா பள்ளி வேன் ஓட்ட ஆரம்பித்து, ஊர்ப் பக்கம் பாலத்தை ஒட்டியே வீடு வாங்கினார். அதிலிருந்து அண்ணி அக்கரை, நாங்கள் இக்கரை. காலையில் அண்ணி பசாருக்கு நடந்து வருவார், திரும்பும்போது எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார். சாயங்காலம் நான் கோயிலுக்குப் போகிற சாக்கில் அக்கரைக்குப் போவேன். பாலத்துப் பலகையில் கேட்கிற சத்தத்தை வைத்தே வருவது அண்ணிதான் என்று எனக்குத் தெரியும். அவர் நடப்பதில்லை, பலகையை அதட்டிக்கொண்டு வருவார்.

பாலத்துக்கு வயதாகிவிட்டது. முதலில் லோரிகளைத் தடுத்தார்கள், பிறகு கார்களையும். இப்போது நடப்பவர்களும் மோட்டார் சைக்கிளும்தான். குணாவின் வேன் அக்கரைப் பிள்ளைகளை ஏற்றத் தோட்டப் பாதையில் வெகுதூரம் சுற்றி வருகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணியின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. வண்டி பாலத்தில் ஏறக் கூடாது என்று அறிவிப்புப் பலகை இருக்கும்போது, சுற்றிப் போகவும் நேரமில்லாதபோது, அந்த ஓட்டுநர்தான் என்ன செய்வார்? அக்கரையிலிருந்து நாலு பேர் அண்ணனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். அண்ணி அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஓடி வந்தார். அண்ணன் அன்று பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஒரு வருடம் இருந்தார்.

3

கூட்டத்துக்கு வரச் சொல்லி வீடு வீடாக அறிவிப்பு வந்தது. பாலத்தை என்ன செய்வது என்று ஊர்க்காரர்கள் கூடிச் சொல்ல வேண்டுமாம். இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, பாலத்தை அப்படியே வைத்துக்கொள்வது. பலகைகளை மாற்றி, நடப்பவர்களுக்கு மட்டும் விட்டு, விளக்குப் போட்டுச் சுற்றுலாக்காரர்கள் வந்து பார்க்கிற இடமாக ஆக்குவது. இன்னொன்று, இடித்துவிட்டு அதே இடத்தில் வண்டிகள் போகிற மாதிரி புதுப் பாலம் கட்டுவது. கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆகும். அதுவரை இங்கே ஆற்றைக் கடக்க வழியில்லை. இரண்டு கரையிலும் வீடுகள் நெருக்கி நிற்பதால் பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் புதிது கட்டவும் இடமில்லை.

என் மகள் மோனிஷா கோலாலம்பூரில் கட்டடக்கலை படிக்கிறாள். சின்ன வயதில் நாளுக்குப் பத்துத் தடவை அக்கரைக்கு ஓடுவாள். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை வருவதே அதிசயம், வந்தாலும் போனில்தான் இருப்பாள். அறிவிப்பு வந்ததைக் கேட்டதும் அந்த வாரமே நண்பர்களோடு வந்து இறங்கினாள். பாலத்தைப் படுத்துக்கொண்டெல்லாம் படம் எடுத்தார்கள்.

"இடிக்க விடக் கூடாதும்மா. திஸ் இஸ் ஹெரிட்டேஜ். நம்ம தாத்தாங்க ரப்பர் ஷீட் தூக்கிட்டுப் போன பிரிட்ஜ்லா இது."

அவள் தமிழில் இத்தனை நீளம் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அதற்காகவே அவள் பக்கம் சேர்ந்துவிட்டேன். ஆனால் என் காரணம் வேறு, அதை அவளிடம் சொல்லவில்லை. பாலம் இருந்தால் அண்ணி நடந்து வருவார். இடித்தால், இரண்டு வருடம் அந்தச் சுற்றுப் பாதையில் வர அவரிடம் வண்டியும் இல்லை, ஓட்டவும் தெரியாது. ஷா ஆலமில் அடுக்குமாடியில் இருக்கும் அவருடைய மகன் சுரேஷ், அப்பா போனதிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். இதுதான் சாக்கு என்று அழைத்துப் போய்விடுவான். எழுபதை நெருங்குகிற வயதில் அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. முதலில் வீட்டைப் பூட்டுவார்கள், பிறகு வாடகைக்கு விடுவார்கள், அப்புறம் தீபாவளிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அண்ணி இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை?

ஆனால் இன்னொரு நினைவும் குறுக்கே வந்து உறுத்தியது. சில வருடங்களுக்கு முன் விடுமுறைக்கு நம் ஊருக்கு வந்திருந்தேன். நாங்கள் பள்ளிக்கூடம் போன பழைய செங்கல் பாலத்தைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று காங்கிரீட் பாலம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரையே கெடுத்துவிட்டீர்கள் என்று என் அண்ணனிடம் சத்தம் போட்டேன்.

அவன் சிரித்தான். "நீ அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவே. அதுக்காவ நாங்க தெனம் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு நடக்கணுமாக்கும்?" என்றான். நான் முறைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

4

கூட்டம் பாலாய் ராயாவில் நடந்தது. நம் ஊர்ச் சமுதாயக்கூடம் மாதிரி. வாசலில் மேசை போட்டுப் பெயர் பதிந்தார்கள். என் முறை வந்தபோது அடையாள அட்டையை நீட்டினேன். இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை, என்னைப்போல் நிரந்தரமாகத் தங்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குச் சிவப்பு அட்டை. குடியுரிமைக்கு எழுதிப் போட்டுப் போட்டு, அது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்பதையே நான் விட்டுவிட்டேன். பதிந்துகொண்டிருந்த பையன் சிவப்பைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

பின்னாலிருந்து பொறியாளர் எட்டிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. டின் பிடித்தவளை மறப்பாரா?

"இவங்க அந்தப் பாலத்துல நடக்கறவங்கதானே? எழுது" என்று மலாயில் சொன்னார்.

இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் யாரும் என்னிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. இன்று கை தூக்கச் சொல்கிறார்கள். உள்ளே போகும்போது எனக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது.

மோனிஷாவின் நண்பன் ஒருவன் திரையில் படங்கள் காட்டினான். சாயங்கால வெயிலில் பாலம் அவ்வளவு அழகாக இருந்தது. எங்கள் சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தன, அதற்கு ஒரு கைதட்டல். பாலத்தை வைத்துக்கொள்ளத்தான் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அண்ணி எழுந்தார். சேலை முந்தானையைச் சொருகிக்கொண்டு மலாயில்தான் பேசினார். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"படமெல்லாம் நல்லா இருக்கு. நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், படத்துலதான் அழகே தெரியுது. நான் நடந்து போறதுக்கு இந்தப் பாலம் போதும், எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா என்னைத் தூக்கிட்டுப் போற நாளுன்னு ஒன்னு வரும்ல? அன்னிக்கு ஆம்புலன்ஸ் அந்தக் கரையில நிக்கக் கூடாது. அங்க என்னை மாதிரி நெறைய பேரு இருக்கோம். புள்ளைத்தாச்சிங்களும் இருக்காங்க. இடிச்சிட்டுக் கட்டுங்க. நான் இருக்கும்போதே கட்டி முடிங்க, அவ்ளோதான்."

கடைசி வரிக்கு எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செருப்பு அவர் கையில் இருந்ததை இக்கரையில் நின்று பார்த்தவள் நான்.

இடிக்க வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். மோனிஷா தூக்கினாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கை மடியிலேயே கிடந்தது. அடுத்து, இடித்துக் கட்டலாம் என்பவர்கள். முன்வரிசையில் அண்ணியின் கை உயர்ந்தது. எனக்குப் பக்கத்தில் குணா, அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். நானும் தூக்கினேன். அண்ணியை ஊரைவிட்டு அனுப்பி வைக்கிற கை என்று தெரிந்தேதான் தூக்கினேன்.

இடித்துக் கட்டலாம் என்ற பக்கமே கைகள் அதிகம். கூட்டம் முடிந்து மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது மோனிஷா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, யூ ஆர் ஸோ மீன்லா" என்றாள்.

"சரி லா. நல்லா சாப்புடு" என்று தன் தட்டிலிருந்த முட்டையை அவள் தட்டில் வைத்தார் அண்ணி. "எடுத்த படத்துல நல்லதா ஒன்னு பெருசா போட்டுக் குடு. உங்க மாமா படத்துக்குப் பக்கத்துல மாட்டுறேன்."

5

பாலத்தை மூடப்போகும் நாள் நெருங்க நெருங்க நான் அண்ணியிடம் கெஞ்ச ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் மோனிஷாவின் அறை சும்மாத்தான் கிடக்கிறது. இரண்டு வருடம் இங்கேயே இருங்கள் என்றேன். குணாவும் சொல்லிப் பார்த்தார்.

அண்ணி மசியவில்லை. "மவன் இருக்கும்போது தம்பி வீட்ல போயி எதுக்கு இருக்குதுன்னு கேப்பாங்க. அது சுரேஷுக்குத்தான் தலகுனிவு. ஒரு வாரம் பத்து நாளுன்னா பரவால்ல. ரெண்டு வருஷமா? நம்ம ஆளுங்க வாயி உனக்குத் தெரியாது."

கடல் தாண்டி வந்து இத்தனை தலைமுறை ஆகியும் இந்தக் கணக்கை மட்டும் ஒருவரும் விடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நாலு நாள் அக்கரைப் பக்கமே போகவில்லை.

மூடும் நாள் காலையில் சுரேஷின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. பாலத்தில் கார் போக முடியாதே, சுற்றுப் பாதையோ வெகுதூரம், அதனால் அண்ணிதான் இக்கரைக்கு நடந்து வர வேண்டும். தடுப்புத் தகரங்களோடு வங்காளதேசத்து வேலையாட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பலகைச் சத்தம் கேட்டது. அன்றைக்கு அதில் அதட்டல் இல்லை. நான் வெளியே போகாமல் சமையலறையில் நின்று, ஏற்கெனவே கழுவின பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அண்ணி நேரே உள்ளே வந்தார். "டீ போட மாட்டியா?"

"போறவங்க போங்க. டீ என்ன டீ" என்றேன், திரும்பாமல். அதோடு நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. "உங்களுக்கு மவன் இருக்கான், வீடு இருக்கு. எனக்குன்னு இந்த ஊர்ல யாரு இருக்கா? என்னத் தேடிக்கிட்டு ஒரு நாயி வருமா இந்த வீட்டுக்கு?"

அண்ணி தானே டீயைப் போட்டார், எனக்கும் ஒரு குவளை வைத்தார். குடித்துவிட்டு வெளியே போனார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு பின்னால் போனேன். சுரேஷ் பைகளை எல்லாம் காரில் ஏற்றிவிட்டிருந்தான்.

"ம்மா, ஏறுங்க. லேட்டானா ரோட்டுல ஜேம் ஆயிரும்."

"பைய எறக்குடா" என்றார் அண்ணி.

"ஏன்?"

"நான் வரல. இங்கேயே இருக்கேன்."

சுரேஷ் என்னைப் பார்த்தான், தன் மாமாவைப் பார்த்தான். "என்னம்மா இது? மாமா வீட்ல போயி இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ரெண்டு வருஷம் மாமா வீட்ல இருந்தா ஆளுங்க என்னா பேசுவாங்க?"

"மாமா வீட்ல யாருடா இருக்கப் போறா?" என்றார் அண்ணி. "நான் வசந்தா வீட்ல இருக்கப் போறேன். பேசறவங்க இருந்தா இங்க வந்து அவகிட்ட கேக்கச் சொல்லு."

குணா வீடு என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நம் ஊருக்குப் போன் பேசும்போது நானே 'இவங்க வீடு' என்றுதான் சொல்வேன். 'நம்ம வீடு' என்று என் வாயில் வந்தால் அது மன்னார்குடிப் பக்கத்து வீடு. வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. இது என் வீடு என்று சொல்லிக்கொண்டு, எனக்காக ஒருவர் வந்து தங்குவது அதுதான் முதல் தடவை.

சுரேஷ் இன்னும் யோசித்துக்கொண்டே நின்றான். நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் காரின் பின்கதவைத் திறந்து, இருப்பதிலேயே கனமான பையை நானே இழுத்து இறக்கினேன்.